இறங்கினால்தான் ஜெயிப்பு!

வேப்பம்பட்டில் ஏறி சென்ட்ரல் வரை போகும் எங்கள் ரயில் கோஷ்டி, போன வருஷம் முழுக்க தினமும் இரண்டு ஸ்கோர் கேட்டது. ஒன்று கிரிக்கெட். இன்னொன்று, என் அக்கா பையனின் ஏ.எஃப்.பி. முதலாவது ஏறணும், இரண்டாவது இறங்கணும்!

ஒன்றரை வயசுப் பையன். 'மாமா மாதிரியே தொப்பை போட்டிருக்கான்' என்று கிண்டலடித்துக் கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்தால், கல்லீரலில் கட்டி. 'ஹெபடோபிளாஸ்டோமா' என்றார்கள். பெரும்பாலும் மூணு வயசுக்குள் வரும் புற்றுநோய். அன்றோடு கிண்டல் போச்சு.

டாக்டர் விளக்கினார்: "ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்னு ஒரு புரதம் சார். கர்ப்பத்துல இருக்கிற சிசுவோட கல்லீரல் சுரக்கும். பிறந்தப்போ ஆயிரக்கணக்குல இருந்து, ஒரு வயசு வாக்குல பத்துக்கும் கீழே வந்துடும். இந்தக் கட்டி வந்தா மறுபடி எகிறும்."

கல்லீரல் கட்டி வந்த எலிகளின் ரத்தத்தில் இதை 1963-ல் கண்டவர் சோவியத் விஞ்ஞானி அபெலெவ். மறு வருஷமே டட்டாரினோவ் என்பவர் மனித நோயாளியிடமும் கண்டார்.

எங்கள் பையனின் முதல் ஸ்கோர், 4,80,000! நாலு கீமோவில் 3,400 ஆச்சு. ஆபரேஷனில் கட்டியை முழுசாக எடுத்தார்கள். "இனிமே சுமார் வாரத்துக்கு ஒருமுறை பாதியாகணும்" என்றார் டாக்டர். அக்கவுன்ட்ஸ் ஆசாமி நான் சும்மா இருப்பேனா? பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஆறாவது வாரம் 53 வரணும். வந்தது 55!

எட்டாவது வாரம்... 61.

அக்கா அன்று சாப்பிடவில்லை. நானும் ரயிலில் ஸ்கோர் சொல்லவில்லை. ஜன்னலோரம் தூங்குகிற மாதிரி நடித்தேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "லேப் மாத்தினீங்களா?"

அலைச்சல் மிச்சமாகட்டும் என்று வீட்டுப் பக்கத்து லேபில் கொடுத்தவன் நான்தான். திருதிருவென்று விழித்தேன்.

"லேபுக்கு லேப் நம்பர் மாறும் சார். அதோட, வெட்டின கல்லீரல் திரும்ப வளரும்போது அதுவும் கொஞ்சம் சுரக்கும். ஒரு நம்பரை வெச்சு பயப்படாதீங்கம்மா. வரிசையா ஏறுதான்னு பார்க்கணும். ஸ்கேனும் எடுத்துடலாம்."

ஸ்கேனில் எதுவுமில்லை. பழைய லேபிலேயே மறுபடி ரத்தம் கொடுத்தோம். 20. அப்புறம் 7.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டாம். சில குழந்தைகளுக்குக் கட்டி இருந்தும் ஏ.எஃப்.பி. ஏறாது. 100-க்குக் கீழே இருந்தால் அதுவே கவலைக்குரியது. நம்பரும் ஸ்கேனும் சேர்ந்துதான் பேசணும்.

சிகிச்சை முடிந்தாச்சு. ஆனாலும் ரத்தப் பரிசோதனை தொடர்கிறது. இடைவெளி கூடும், அவ்வளவுதான். "நல்லா ஓடியாடறானே, இன்னும் எதுக்கு ஊசி?" என்றார் அக்காவின் மாமியார். கட்டி திரும்பினால், வயிறு காட்டுவதற்கு முன்னாலேயே பெரும்பாலும் இந்த நம்பர் காட்டிக் கொடுத்துவிடும் என்று சொன்னேன். பேசாமல் பையனுக்குச் சட்டை மாட்டிவிட்டார்.

நேற்று கோஷ்டி கேட்டது: "ஸ்கோர் என்ன சார்?"

"ஆறு!"

கம்பார்ட்மென்ட்டே கை தட்டியது. யாரோ சிக்ஸர் அடித்ததாக நினைத்த பக்கத்து சீட்காரர் கேட்டார், "அடிச்சது யாரு சார்?"

"எங்க அக்கா பையன்!"