சமையலறைக் கூரைக்கு ஏற்ற எல்.இ.டி. விளக்கு



தோட்டத்து லயங்களை விட்டு, குனோங் ராபாட் போன்ற ஈப்போவின் புறநகர்ப் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவும் முதன்முதலில் விரிவாக்கிக் கட்டிய பகுதி வீட்டின் பின்புறத்துச் சமையற்கட்டேயாகும். அங்கே பிளாஸ்டர் சீலிங் அமைத்து, அதில் வட்டத் துளைகள் இட்டு, விளக்குகளை உள்ளே பதித்தனர். கடைக்காரர் இவற்றை ‘டவுன்லைட்’ என்பர். அவ்விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துபோக, அவற்றிற்கு ஈடாக எல்.இ.டி. மின்குமிழ் வாங்கச் செல்வோர் இருவகை ஏமாற்றம் அடைகின்றனர். வாங்கி வந்தது துளையில் பொருந்துவதில்லை. பொருந்தினாலோ ஓராண்டு நிறையுமுன் கண்சிமிட்டி அணைந்துவிடுகிறது. “எல்.இ.டி. என்றாலே இப்படித்தான்” என்று சலித்துக்கொள்வாரும் உளர். அவர்கள் வாங்கிய குமிழை மட்டும் பார்த்தார்கள். அது சென்று அமரும் துளையைப் பார்க்கவில்லை. எந்தக் குமிழ் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அத்துளையே என்பதை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

பேராக் மாநிலத்திற்கு மின்சாரம் புதியதொன்றன்று. 1930ஆம் ஆண்டில் பணி முடிந்த செண்டெரோ அணையின் மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குச் சென்றது. தோட்டத்து லயங்களை அது வந்தடையவோ பல்லாண்டுகள் ஆயின. மண்ணெண்ணெய் விளக்கும், பின்னாளில் தோட்டத்து ஜெனரேட்டர் குறித்த மணி வரை தந்த வெளிச்சமுமே பலருக்கு வாய்த்தன. பிறகு வந்த கண்ணாடிக் குமிழை நாற்பது வாட், அறுபது வாட் என்று கேட்டு வாங்கிப் பழகினோம். அப்பழக்கம் இன்றும் நம்மை விட்டபாடில்லை. ஆனால் வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. ஒளியை அளக்கும் அலகு லூமன் ஆகும். பழைய இழைக் குமிழ் தான் உண்ட மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டையே ஒளியாக்கிற்று; எஞ்சியதெல்லாம் வெப்பமாகப் போயிற்று. அறுபது வாட் இழைக் குமிழ் தந்த சுமார் 700 லூமன் ஒளியை இன்று எட்டு வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. மலேசியாவில் 2014ஆம் ஆண்டோடு இழைக் குமிழ்களின் விற்பனை நிறுத்தப்பட்டமைக்கு இதுவே காரணம். ஆதலால் கடையில் வாட்டைக் கேளாது, பெட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ள லூமனைப் படித்துப் பார்க்க வேண்டும்.

எல்.இ.டி. எவ்வாறு வெண்ணொளி தருகிறது என்று மாணவர்கள் வினவக்கூடும். உள்ளே இருப்பது நீல ஒளி உமிழும் சிறு சில்லு. அதன்மேல் பூசப்பட்ட மஞ்சள் நிற ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை உள்வாங்கி மஞ்சளாக வெளியிடுகிறது. இரண்டும் கலந்து வெண்மையாக நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. நீல எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தகைய சில்லுகளைச் செய்யும் பெரிய ஆலை ஒன்றை ஆஸ்ராம் நிறுவனம் 2017இல் நம் அண்டை மாநிலமாகிய கெடாவின் கூலிமில் திறந்தது. தொலைதூரத்துப் பொருள் என்று இதனை எண்ணிவிட வேண்டா.

இனித் துளைக்கு வருவோம். மெயின் சுவிட்சை அணைத்து, குமிழ் ஆறிய பின்னர், உலர்ந்த கையால் பழையதைக் கழற்றி அதன் அடிப்பகுதியைக் காண்க. நம் வட்டார வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைகள் காணப்படும். திருகாணி போன்ற அடியுடையது இ.27, அந்த 27 என்பது திருகின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். தலை தடித்த இரு குட்டைக் கால்களை நுழைத்துத் திருப்பிப் பூட்டுவது ஜி.யூ.10, கால்களுக்கு இடையே 10 மில்லிமீட்டர் இருக்கும். ஊசிபோல் மெல்லிய இரு கால்களை நேராகச் செருகுவது ஜி.யூ.5.3, இதிலும் எண் இடைவெளியையே சொல்கிறது. மாணவர்கள் ஓர் அளவுகோலைக் கொண்டு இவற்றைச் சரிபார்க்கலாம். நான்காவது பி.எல்.சி. எனப்படும் வளைந்த குழல் விளக்கு. இதற்குச் சீலிங்கின் மேலே ‘சோக்’ ஒன்று இருக்கும்.

முதல் இரண்டிலும் தொல்லை இல்லை. இரண்டும் நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே எரிவன. அதே அடியுள்ள எல்.இ.டி.யைப் பொருத்தினால் போதும். மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது. அது 12 வோல்ட்டில் எரிவது. சீலிங்கினுள் ஒரு மின்மாற்றி மறைந்திருக்கும். அம்மின்மாற்றி ஐம்பது வாட் ஹாலஜன் குமிழுக்கென அமைந்தது. அதன் உடலில் ‘20–60 வாட்’ என்றோ வேறோர் எல்லையோ எழுதப்பட்டிருக்கும். குறைந்தது இருபது வாட் சுமையேனும் இருந்தால்தான் அது ஒழுங்காக இயங்கும் என்பது அதன் பொருள். ஐந்து வாட் எல்.இ.டி. ஒன்றை அதனோடு இணைத்தால் மின்மாற்றி விழித்து விழித்து உறங்கும். விளக்கும் அவ்வாறே மின்னி மின்னி அணையும். குமிழ் கெட்டது என்று எண்ணி மாற்றி மாற்றி வாங்குவோர் இங்கேதான் பணத்தை இழக்கின்றனர். இதற்குத் தீர்வு இரண்டு. எல்.இ.டி.க்கென்றே செய்த 12 வோல்ட் மின்வழங்கியை வைக்கலாம். அல்லது மின்மாற்றியை அகற்றிவிட்டு ஜி.யூ.10 தாங்கியை அமைக்கலாம். பின்னதே சிறந்தது என்பது என் கருத்து. கூரைக்குள் கெட்டுப்போகக்கூடிய பொருள் ஒன்று குறைகிறதன்றோ?

பி.எல்.சி. விளக்கிற்கு ஈடான எல்.இ.டி.யும் இருவகைப்படும். ஒன்று பழைய சோக்குடனே எரியும். மற்றொன்றிற்குச் சோக்கை நீக்கி நேரடி மின்சாரம் தர வேண்டும். எது எவ்வகை என்பதைப் பெட்டியில் படித்தே அறியலாம். மாற்றி இணைத்தால் குமிழ் கருகும். சில வேளை அதைவிடப் பெரிய தீங்கும் நேரும். கம்பி இணைப்பில் கைவைக்கும் எவ்வேலையையும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். சோக் நீக்கப்பட்ட கூட்டின் உட்புறத்தில் அதனை எழுதி ஒட்டிவைக்கவும் சொல்லுங்கள். பின்னொரு நாள் வேறொருவர் அறியாமல் பழைய விளக்கைச் செருகிவிடக் கூடாது.

அடி பொருந்திவிட்டது. ஆயினும் ஓராண்டுக்குள் அணைவது ஏன்? வெப்பத்தினாலேயே. எல்.இ.டி. குளிர்ச்சியானது என்று கூறுவது பாதி உண்மை. அதன் ஒளியில் வெப்பமில்லை. முகத்தருகே கையை நீட்டினால் சுடாது. ஆனால் சில்லிலும், அதன் பின்னேயுள்ள மின்சுற்றிலும் வெப்பம் பிறக்கிறது. அது குமிழின் முதுகு வழியாகவே வெளியேற வேண்டும். திறந்த அறையில் தொங்கும் குமிழுக்குக் காற்று உண்டு. துளைக்குள் பதிந்த குமிழுக்கு முதுகுப்புறம் அடைபட்ட இடம். அதற்கும் மேலே பகலெல்லாம் வெயில் தின்ற தகரக் கூரை. மின்சுற்றில் உள்ள மின்தேக்கியின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், நாளொன்றுக்கு ஐந்து மணி வீதம் 3,000 நாள், அதாவது எட்டாண்டுக்கு மேல் எரிய வேண்டும். வெந்து சாகும் குமிழ் அதில் கால்பங்கும் வாழ்வதில்லை. ஆகவே மூடிய கூட்டிற்கு ஏற்றதன்று என்று பெட்டியின் ஓரத்தில் சிற்றெழுத்தில் எழுதப்பட்டுள்ள குமிழைத் துளைக்குள் வைக்காதீர். முதுகுப்புறம் உலோகத்தால் ஆனதும், கையில் சற்றுக் கனமாக இருப்பதுமான குமிழை நாடுக. வேண்டியதற்கு மிஞ்சிய வாட்டும் வேண்டா. கூட்டின் முகத்தில் கண்ணாடி மூடியிருந்து அது தேவையில்லாவிடில், கழற்றிவிடுவதே நலம்.

அடுத்து ஒளி விழும் இடம். பால்வெட்டச் சென்ற நம் முன்னோர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிச் சென்றனர். தோட்டம் முழுவதும் ஒளி பெற வேண்டும் என்று அவர்கள் விரும்பவில்லை. கத்தி செல்லும் கோடு தெரிந்தால் போதும். சமையலறையிலும் வேண்டுவது அதுவே. அரிவாள்மனையும் அடுப்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஜி.யூ.10 குமிழ்களில் ஒளிக்கற்றையின் கோணம் பாகையில் குறிக்கப்பட்டிருக்கும். சீலிங்கிலிருந்து சமையல் மேடைவரை 1.8 மீட்டர் எனக் கொள்வோம். 36 பாகைக் குமிழ் மேடையின்மீது ஏறத்தாழ 1.2 மீட்டர் அகல வட்டமே போடும். 60 பாகைக் குமிழ் இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த வட்டம் போடும். முன்னது கடையில் பொம்மைகளைக் காட்ட உகந்தது. சமையலறையில் அது இங்கொரு வெளிச்சக் குளமும் அங்கோர் இருட்டுமாகச் செய்துவிடும். மேலும் விளக்கு நமக்குப் பின்னால் இருப்பின், நம் தலையின் நிழலே வெங்காயத்தின் மீது விழும். அகன்ற கோணம் இந்நிழலைச் சற்றுக் கரைக்கும், முற்றும் நீக்காது. துளை அமைந்த இடமே தவறாயின் எக்குமிழாலும் பயனில்லை. மேடையின் மேலுள்ள அலமாரியின் அடியில் ஒரு சிறு விளக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிறத்தைப் பற்றிக் கூறாதிருத்தல் இயலாது. ஒளியின் நிறம் கெல்வின் எண்ணால் குறிக்கப்படும். 2,700, 3,000 என்பன மஞ்சள் சாயல், 4,000 நடுநிலை, 6,500 நீலஞ் சார்ந்த வெண்மை. நம்மவர் பெரிதும் விரும்புவது 6,500. வெண்மை மிகுந்தால் வெளிச்சமும் மிகும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். லூமன் ஒன்றாயிருப்பின் ஒளியும் ஒன்றே. எனக்கு 4,000 பிடிக்கும். இஃது அவரவர் கண்ணைப் பொறுத்தது. ஆனால் மற்றோர் எண் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பெட்டியில் சி.ஆர்.ஐ. அல்லது ஆர்.ஏ. என்று காணப்படும் அது, பொருள்களின் இயற்கை நிறத்தை அவ்வொளி எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார் மீனின் செவுள் சிவந்துள்ளதா கறுத்துள்ளதா என்பதையும், கீரையில் புழு இருப்பதையும், கோழிக்கறி உள்ளே வெந்ததா என்பதையும் இவ்வொளியில்தான் பார்க்கிறார்கள். எண்பதுக்குக் குறைந்ததை வாங்காதீர். தொண்ணூறு கிடைப்பின், ஓரிரு வெள்ளி மிகுந்தாலும் வாங்குக.

செலவு மிச்சமாகுமா? மாணவர்கள் கணக்கிடட்டும். ஐம்பது வாட் ஹாலஜன் ஆறு, நாள்தோறும் ஐந்து மணி, முப்பது நாள்: 45 யூனிட். ஐந்து வாட் எல்.இ.டி. ஆறாயின் 4.5 யூனிட். மிச்சம் 40.5 யூனிட். இதனை வீட்டு மின்கட்டணச் சீட்டிலுள்ள யூனிட் விலையால் பெருக்கினால் வெள்ளிக் கணக்குக் கிடைக்கும். பி.எல்.சி. விளக்கில் இந்த இலாபம் இல்லை. பதினெட்டு வாட் நான்கிற்குப் பதில் ஒன்பது வாட் நான்கு வைத்தால் மாதத்திற்கு மிச்சம் 5.4 யூனிட்தான். ஆகையால் ஹாலஜனை இன்றே மாற்றலாம். நன்கு எரியும் பி.எல்.சி.யை அணையும்வரை விட்டுவைக்கலாம்.

கடைக்குச் செல்கையில் பழைய குமிழைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுசெல்க. ஆறு வேண்டுமாயினும் முதலில் ஒன்றே வாங்கி, ஒரு வாரம் எரியவிட்டுப் பார்த்து, பின்னர் மற்றவற்றை வாங்குக. எரியும் விளக்கைக் கைத்தொலைபேசியின் படக்கருவி வழியே நோக்கினால், மலிவான சிலவற்றில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரியும். அவை இடையறாது துடிக்கும் குமிழ்கள், வேண்டா. எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டுச்சீட்டில் ஐந்து நட்சத்திரம் உள்ளதே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஒளி தருவது. கழற்றிய பி.எல்.சி. குழலில் சிறிதளவு பாதரசம் உண்டு. அதனைச் சமையலறைக் குப்பையில் எறியாமலும், பிள்ளைகள் கையில் கொடாமலும், உடையாதபடி தாளில் சுற்றி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுக.