கார் மியூசியத்தில் முதலில் நிற்பது குதிரை!

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. கார் தொழிலுக்குப் பேர்போன ஊர். மெர்சிடஸ்-பென்ஸ் நிறுவனம் 2006-ல் அங்கே ஒரு பெரிய அருங்காட்சியகத்தைத் திறந்தது. ஒன்பது தளங்கள், ஏறக்குறைய 160 வண்டிகள். நுழைந்ததும் லிஃப்டில் ஏறி நேராக உச்சித் தளத்துக்குப் போக வேண்டும். கதவு திறந்தால் எதிரே ஒரு குதிரை நிற்கும்! நிஜக் குதிரை அளவில் செய்த உருவம் அது.

கார் மியூசியத்தில் குதிரைக்கு என்ன வேலை? கார் வருவதற்கு முன்னால் சாலையில் வண்டிகளை இழுத்தது அதுதானே? அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டு, சரிவான பாதையில் தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். இறங்க இறங்க ஆண்டுகள் முன்னே நகரும், வண்டிகளும் மாறிக்கொண்டே வரும். அந்தப் பாதையின் தொடக்கத்தில் உள்ள மூன்று சக்கர வண்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முக்கால் குதிரை

கார்ல் பென்ஸ் என்ற பொறியாளர் 1886 ஜனவரி 29 அன்று இந்த வகை வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் செய்த முதல் வண்டி இன்றும் பத்திரமாக இருக்கிறது. மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தில் அதைப் பார்க்கலாம்.

வண்டியின் பின்பக்கம் படுக்கைவாட்டில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் சக்தி 0.75 குதிரைத்திறன்தான். 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். அப்படியென்றால் ஒரு நிஜக் குதிரைகூட இதைவிடப் பலசாலி! ஆனால் குதிரை களைத்துப்போகும். தீனியும் ஓய்வும் வேண்டும். எரிபொருள் இருக்கும்வரை இன்ஜின் களைக்காது. அதன் வெற்றி அங்கேதான் தொடங்கியது.

சிலிண்டருக்குள் பிஸ்டன் நான்கு முறை நகர்வது ஒரு சுற்று. முதல் நகர்வில் எரிபொருள் ஆவியும் காற்றும் உள்ளே வரும். இரண்டாவதில் அந்தக் கலவை நெருக்கப்படும். மூன்றாவதில் மின்பொறி பட்டு எரிந்து, பிஸ்டனைத் தள்ளும். நான்காவதில் புகை வெளியேறும். நான்கில் ஒரே ஒரு நகர்வில்தான் சக்தி கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கும் பிஸ்டனை நகர்த்துவது யார்?

வண்டியின் பின்னால் படுத்திருக்கும் ஒரு பெரிய இரும்புச் சக்கரம்தான். அதன் பெயர் ஃப்ளைவீல். கனமான ஒரு பொருள் சுழலத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்காது. சக்தி கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொண்டு, கிடைக்காதபோது திருப்பிக் கொடுக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பெரியவர் ஒருவரின் துணையோடு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடலைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு நிறுத்துங்கள். பின்சக்கரம் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கம்பிகளுக்கு அருகே மட்டும் விரலைக் கொண்டுபோகாதீர்கள்!

சரி, ஏன் மூன்று சக்கரம்? வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகும். எனவே முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால், இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். அதற்குத் திருப்தியான வழி அப்போது பென்ஸுக்குக் கிடைக்கவில்லை. அதனால் முன்னால் ஒரே சக்கரம் வைத்தார். பிறகு வழி கிடைத்தது. 1893-ல் நான்கு சக்கர வண்டி செய்தார்.

பெர்த்தா அம்மா கிளம்பிவிட்டார்!

வண்டி தயார், ஆனால் வாங்க ஆள் வரவில்லை. கார்லின் மனைவி பெர்த்தா பென்ஸ், திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை அவருடைய தொழிலில் போட்டவர். 1888 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அதிகாலையில், கணவரிடம் சொல்லாமலே, மகன்கள் ஆய்கன், ரிச்சர்டு இருவரோடும் வண்டியைக் கிளப்பிவிட்டார். மன்ஹைம் நகரிலிருந்து தன் அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் அதுவரை யாரும் காரில் போனதில்லை.

வழியெல்லாம் சிக்கல். எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகில் இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை எடுக்க விற்கும் லிக்ராயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். சிலிண்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. நிற்கும் இடமெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மேடு வந்தால் வண்டி திணறியது. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்கவைத்தார். மாலையில் ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இப்போது இன்றைய காரை நினைத்துப் பாருங்கள். பிரேக்கில் தேய்ந்ததும் மாற்றும் லைனிங், மேடேற கீழ் கியர், கொதித்து வீணாகாமல் அதே தண்ணீரைக் குளிர்வித்துச் சுழற்றும் ரேடியேட்டர்! பெர்த்தா அன்று பட்ட பாடுகள் பலவற்றுக்கும் இன்றைய காரில் ஒரு பாகம் பதிலாக இருக்கிறது. சாலையில் யாரோ திண்டாடியதிலிருந்து பிறந்தவை அவை. மியூசியத்தில் வண்டிகளை வரிசையாகப் பார்க்கும்போது அந்தப் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை நம் கண்ணாலேயே காணலாம்.

கட்டடத்துக்குள் சுழற்காற்று

ஷ்டுட்கார்ட் மியூசியக் கட்டடமே ஓர் அறிவியல் காட்சிப்பொருள். நடுவில் கீழிருந்து மேல்வரை திறந்த முற்றம். அதைச் சுற்றித் தளங்கள். தீப்பிடித்தால் புகை எல்லாத் தளங்களுக்கும் பரவிவிடுமே? அதற்காகச் சுவர்களில் 144 காற்றுத் துளைகள் வைத்திருக்கிறார்கள். அவை ஒரே திசையில் காற்றைப் பீய்ச்சி, 34 மீட்டர் உயரத்துக்கு ஒரு சுழற்காற்றை உருவாக்கும். சுழலும் காற்று வெளிப்பக்கம் ஒதுங்குவதால் நடுவில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள புகை விரைந்து வரும். அங்கிருந்து மேலே ஏறிக் கூரை வழியே வெளியேறும். செயற்கைச் சுழற்காற்றுக்கான கின்னஸ் சாதனையும் இதற்குக் கிடைத்திருக்கிறது.

தாத்தா வண்டிகளின் ஊர்வலம்

பழைய கார்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் மட்டும் போதாது. ஓடும் வண்டியில்தான் அதன் சத்தமும் வாசனையும் அதிர்வும் தெரியும். அதனால்தான் பழைய கார்களுக்கு விழாக்கள் நடக்கின்றன. ஷ்டுட்கார்ட் மியூசியத்தின் வாசலில் கோடைக்கால ஞாயிறுகளில் பலர் தங்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

இங்கிலாந்தில் நடப்பது இன்னும் சுவையானது. அங்கே ஒரு காலத்தில் மோட்டார் வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்று சட்டம் இருந்தது! 1896 நவம்பர் 14 அன்று அந்த வேகம் 14 மைலாக உயர்ந்தது. அன்றே லண்டனிலிருந்து பிரைட்டன் வரை கார்கள் கொண்டாட்டமாகக் கிளம்பின. அதன் நினைவாக இப்போதும் நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில், சூரியன் உதிக்கும்போது, 1905-க்கு முன் செய்த கார்கள் ஹைட் பார்க்கிலிருந்து புறப்படுகின்றன. தூரம் ஏறக்குறைய 96 கிலோமீட்டர்.

நூறு வயதைத் தாண்டிய இன்ஜினை அப்படியே கிளப்பிவிட முடியாது. பல நாள் தேங்கிய பெட்ரோல் பிசின்போலப் படிந்து குழாய்களை அடைக்கும். ஆகவே பழைய எரிபொருளை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, இறுக்கம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிளப்புவார்கள். ஓட்டினால் பாகம் தேயும். ஓட்டாமல் விட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். எதை ஓட்டலாம், எதை ஓட்டாமல் பாதுகாக்கலாம் என்று தீர்மானிப்பது பெரிய பொறுப்பு.

ஜெர்மனிக்குப் போக வேண்டுமே என்று யோசிக்கிறீர்களா? நம் கோயம்புத்தூரிலேயே அறிவியலாளர் ஜி.டி. நாயுடுவின் பெயரால் நடக்கும் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. அங்கே போனால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வண்டி முன்னாலும் நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: இதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? சூடு எப்படி வெளியேறுகிறது? இதை எப்படி நிறுத்துவார்கள்? பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் விடை எங்கே மாறுகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். இன்னும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று மிஞ்சினால், அதற்கு வட்டம் போட்டு வையுங்கள். அதற்குப் பதில் கண்டுபிடிக்கப்போவது நீங்களாகவே இருக்கலாம்!