ஆங்கிலத்தில் வரையறையற்ற பிரதிப்பெயர்கள்

இன்னார், இன்னது என்று குறிப்பிடாமல் ஓர் ஆளையோ பொருளையோ குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வரையறையற்ற பிரதிப்பெயர்கள் ஆகும். ஆங்கில இலக்கணத்தில் இவை இன்டெஃபினிட் ப்ரோனவுன்ஸ் எனப்படும். சம்வன், எனிவன், எனிதிங், நோபடி, எவ்ரிவன் ஆகியவை இவற்றுள் சில. ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை மனப்பாடம் செய்வது போதாது. வாக்கியத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

சம்வன்

"சம்வன் நாக்டு" என்றால் யாரோ தட்டினார் என்று பொருள். செயல் நடந்துவிட்டது, செய்தவர் எவர் என்பதுதான் தெரியவில்லை.

"சம்வன் ப்ளீஸ் ஹெல்ப் ஹிம்" என்றால் யாராவது அவருக்கு உதவுங்கள் என்று பொருள். செயல் இனிமேல்தான் நடக்க வேண்டும். செய்யப்போகிறவர் இன்னும் முடிவாகவில்லை.

எனிவன், எனிதிங்

இவை மூன்று வகையாகப் பொருள்படும்.

1. வினா: "டிட் எனிவன் கம்?" – யாராவது வந்தார்களா?
2. எதிர்மறை: "டோன்ட் ஈட் எனிதிங்" – எதையும் சாப்பிடாதீர்கள்.
3. உடன்பாடு: "யூ கேன் ஈட் எனிதிங்" – எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

இரத்தப் பரிசோதனைக்கு முன் தரப்படும் குறிப்பில் இரண்டாவது வாக்கியம் இருக்கலாம். பரிசோதனை முடிந்தபின் மூன்றாவதைச் சொல்லலாம். எனிதிங் என்ற சொல் மட்டும் தெரிந்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். வாக்கியத்தில் டோன்ட் இருக்கிறதா, கேன் இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் வராது.

நோபடி

"நோபடி கேம்" என்பதன் பொருள் யாரும் வரவில்லை. தமிழில் எதிர்மறை வினைச்சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது நோபடி என்ற சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. வினைச்சொல் உடன்பாடாகவே வரும். தமிழை மனத்தில் வைத்து எழுதும் மாணவர் "நோபடி டிட்ன்ட் கம்" என்று எழுதிவிடுவதுண்டு. ஏட்டு ஆங்கிலத்தில் இதன் பொருள் வராதவர் எவருமில்லை என்பதாகும். சொல்ல நினைத்ததற்கு நேர் எதிரான பொருள் இது.

நாட் எவ்ரிவன்

"நாட் எவ்ரிவன் பாஸ்டு" என்பதை எல்லாரும் தேர்ச்சி பெறவில்லை என்று மொழிபெயர்த்தால், ஒருவருமே தேறவில்லை என்றும் புரிந்துகொள்ள இடமுண்டு. சிலர் தேர்ச்சி பெறவில்லை என்று எழுதுவதே தெளிவு.

நினைவில் கொள்ள

வாக்கியம் வினாவா, எதிர்மறையா, உடன்பாடா? செயல் நடந்துவிட்டதா, இனி நடக்க வேண்டியதா? எதிர்மறை எந்தச் சொல்லில் உள்ளது? இம்மூன்றையும் கவனித்தபின் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தவறு நேராது.