காசநோய் குணமான பின்னரும் கவனம் தேவை

காசநோய் முற்றாகக் குணப்படுத்தக்கூடிய நோயாகும். ஆறு மாத காலம் மருந்துகளை இடைவிடாது உட்கொள்வோரில் மிகப் பெரும்பாலானோர் சுகமடைகின்றனர். எமது நாட்டில் இம்மருந்துகள் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. இச்செய்தி மக்களை ஓரளவு சென்றடைந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. எனினும், காசநோயிலிருந்து மீண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரை விட அதிகம் என்ற உண்மை இன்னமும் பலருக்குத் தெரியாது.

இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சாதாரணமாக எண்ணாயிரம் பேர் அளவில் காசநோயாளராக இனங்காணப்படுகின்றனர். ஆகவே, இந்நோயைக் கடந்து வந்தவர்கள் எம்மிடையே பெருந்தொகையினராக வாழ்கின்றனர். மறுபுறத்தில், 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் சுமார் 18 இலட்சம் உயிர்களை நுரையீரல் புற்றுநோய் பறித்துள்ளது. இவ்விரு நோய்களுக்கும் இடையிலான தொடர்பை நாம் அலட்சியம் செய்ய முடியாது.

பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டி நோக்கிய ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியாகியது. புகைத்தலின் தாக்கத்தை நீக்கிக் கணித்த பின்னரும், காசநோய்க்கு உள்ளானவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1.7 மடங்காக இருப்பதாக அது தெரிவித்தது. காசநோய் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து வரும் முதல் ஐந்து ஆண்டுகளில் இவ்வாய்ப்பு ஐந்து மடங்களவில் காணப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது ஏறத்தாழ இரு மடங்காக நீடித்தது.

இதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. காசநோய்க் கிருமியுடன் உடல் நீண்டகாலம் போராடும்போது நுரையீரலில் ஓயாத அழற்சி உண்டாகின்றது. அழற்சியின்போது வெளியாகும் இரசாயனப் பொருட்கள் கிருமியை மட்டுமன்றி, அருகிலுள்ள உயிரணுக்களின் மரபுப் பொருளையும் தாக்குகின்றன. சிதைந்த இடத்தை நிரப்பப் புதிய உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் பிரிகையடைகின்றன. ஒவ்வொரு பிரிகையும் பிழையொன்று நேரக்கூடிய சந்தர்ப்பமே. கிருமி அழிந்த பின்னரும் தழும்பு எஞ்சுகின்றது. அத்துடன் சிகரெட், பீடி, சுருட்டு ஆகியவற்றின் புகையும் சேரும்போது ஆபத்து பன்மடங்காகின்றது.

முதல் ஐந்து ஆண்டுகளில் இவ்வாய்ப்பு மிக உயர்ந்து காணப்படுவதற்கு மற்றொரு விளக்கமும் உண்டு. நீடித்த இருமல், சளியுடன் இரத்தம், உடல் மெலிவு, பசியின்மை, நெஞ்சு வலி ஆகிய அறிகுறிகள் இரு நோய்களுக்கும் பொதுவானவை. எக்ஸ்ரே படத்தில் தென்படும் நிழலும் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். இதனால் புற்றுநோய் காசநோயெனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. புற்றுநோயால் உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றி, உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி விழித்தெழுவதும் உண்டு.

இங்கேதான் உயிராபத்து மறைந்திருக்கின்றது. முன்பு காசநோய் கண்ட ஒருவருக்குப் பல ஆண்டுகளின் பின் மீண்டும் இருமல் தொடங்கினால், அது பழைய தழும்பின் தொல்லை என்று அவரும் குடும்பத்தினரும் எண்ணிவிடுகின்றனர். அல்லது பழைய நோய் திரும்பிவிட்டதென முடிவு செய்கின்றனர். இவ்வாறு கழியும் மாதங்களில், சத்திரசிகிச்சையால் அகற்றியிருக்கக்கூடிய கட்டி அந்நிலையைக் கடந்துவிடலாம்.

எனவே, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். அதில் கிருமி காணப்படாவிடினும், சிகிச்சையின் பின்னர் நிழல் குறையாவிடினும், சி.ரி. ஸ்கான், சுவாசக்குழாய் உள்நோக்கிப் பரிசோதனை, திசுப் பரிசோதனை ஆகியவை தேவையா என வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். காசநோய்ச் சிகிச்சை முடிந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தையும் சிகிச்சை அட்டையையும் பத்திரப்படுத்துவது பெரும் பயன் தரும். பழைய படம் கையிலிருந்தால், நிழல் பழையதா புதியதா என்பதை வைத்தியர் ஒப்பிட்டு அறிந்துகொள்வார்.

ஆனால் எமது சமூகங்களில் அந்த அட்டை பெரும்பாலும் மறைக்கப்படும் பொருளாகவே உள்ளது. தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, பிள்ளைகளின் திருமணம் தடைப்படும் என்ற அச்சத்தினால் காசநோய் கண்டதையே மூடிமறைக்கும் குடும்பங்கள் உள்ளன. ஊராரிடம் மறைப்பது ஒருபுறமிருக்க, வைத்தியரிடமும் மறைக்கும்போது நோயாளியே தமக்குத் தீங்கு தேடிக்கொள்கின்றார். முறையாகச் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவரிடமிருந்து நோய் எவருக்கும் தொற்றாது. அவரை ஒதுக்கி வைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

இவற்றைக் கூறுவது எவரையும் பீதிக்குள்ளாக்குவதற்காக அன்று. காசநோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் ஏற்படுவதேயில்லை. காசநோயை விரைவில் கண்டறிந்து முழுமையாகச் சிகிச்சை பெற்றால் தழும்பும் குறையும். புகைத்தலை இன்றே கைவிடுவது அதனினும் பெரிய பாதுகாப்பாகும். வீட்டில் காசநோயிலிருந்து மீண்ட பெற்றோரோ உறவினரோ இருப்பின், அவர்களது புதிய இருமலைப் பழைய கணக்கில் எழுதிவிடாது உடனடியாக வைத்தியரிடம் அழைத்துச் செல்வது எம் ஒவ்வொருவரதும் கடமையாகும்.