ஒரே பயணத்தில் 2 தடவை சூரிய உதயம்!

காலையில் விமானத்தில் ஏறுகிறீர்கள். சூரியன் உதிக்கிறது. பகல் போகிறது, இரவு வருகிறது. விடிந்து, மறுபடியும் சூரியன் உதிக்கிறது. இன்னும் நீங்கள் அதே விமானத்தில், அதே கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறீர்கள்!

இது கற்பனை அல்ல. 1943 முதல் 1945 வரை நடந்தது.

பாதை அடைபட்டது

ஆஸ்திரேலியாவில் இருந்து லண்டனுக்குச் செல்லும் விமானங்கள் அப்போது சிங்கப்பூர் வழியாகப் போய் வந்தன. 1942 பிப்ரவரியில் ஜப்பான் படை சிங்கப்பூரைப் பிடித்தது. பாதை அடைபட்டுவிட்டது.

போர்க் காலம். அரசாங்கக் கடிதங்களும் படையினரின் தபால்களும் போய்ச் சேர வேண்டும். என்ன செய்வது?

இந்துமாக் கடலை ஒரே மூச்சில் தாண்டுவது என்று முடிவு செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள நகரம் பெர்த். இலங்கையில் காலி நகருக்கு அருகே உள்ளது கொக்கல ஏரி. இரண்டுக்கும் இடையே சுமார் 3,500 மைல். அதாவது, 5,600 கிலோ மீட்டருக்கு மேல். வழியில் இறங்க இடம் கிடையாது.

3 பேருக்குத்தான் இடம்

"குவாண்டாஸ்" நிறுவனம் இந்த வேலையை ஏற்றது. "கேட்டலினா" என்ற விமானங்கள் பறந்தன. இவை தண்ணீரில் இறங்கி, தண்ணீரில் இருந்தே கிளம்பக்கூடியவை.

இவற்றின் வேகம் மணிக்கு சுமார் 125 மைல்தான். 3,500-ஐ 125-ஆல் வகுத்துப் பாருங்கள். 28 மணி நேரம் வரும்! எதிர்க்காற்று வீசினால் இன்னும் கூடும். ஒரு தடவை 32 மணி 9 நிமிடம் ஆயிற்று.

அவ்வளவு நேரம் பறக்க ஏராளமான பெட்ரோல் வேண்டும். பெட்ரோலின் பாரத்தால், பயணிகள் அதிகம் போனால் 3 பேர்தான்.

நட்சத்திரமே வழிகாட்டி

எதிரி விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் தாண்டினார்கள். வானொலியில் பேசினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். ஆகவே வாய் திறக்கக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள்.

கிளம்பிய முதல் சில மணி நேரம்தான் பெரிய ஆபத்து. அப்போது ஒரு எஞ்சின் நின்றால், மற்றொரு எஞ்சினால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. கீழே நடுக்கடல்!

ஆனாலும் 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

பயணம் செய்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். "இரட்டைச் சூரிய உதயத்தின் இரகசியச் சங்கத்தில்" அவர்களும் உறுப்பினர் என்று அதில் எழுதியிருந்தது!

இன்று எவ்வளவு நேரம்?

இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோ மீட்டர் பறக்கிறது. அதே தூரத்தை அது சுமார் 7 மணி நேரத்தில் தாண்டிவிடும்.

சிட்னியில் இருந்து லண்டன் சுமார் 17,000 கிலோ மீட்டர். அதையும் நிற்காமல் பறக்க குவாண்டாஸ் ஒரு திட்டம் தீட்டியது. அதற்கு வைத்த பெயர் "சூரிய உதயத் திட்டம்".

அந்தப் பயணத்துக்கு ஆகக்கூடிய நேரம் 22 மணி வரை. தூரம் 3 மடங்கு. நேரமோ அதைவிடக் குறைவு!