பரண்மேல் கிடக்கும் பண்ணைக் கணக்கு



சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் ஒரு வேளாண் பள்ளி தொடங்கியது. அதுதான் 1906-ல் கோவைக்கு மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேராச்சு. அந்தக் காலத்தில், 1889-ல், இங்கிலாந்திலிருந்து ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியல் அறிஞர் வந்து நாடெங்கும் சுற்றினார். அவருடைய அறிக்கை 1893-ல் வெளியானது. இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய உழவருக்குக் குறைந்தவர் இல்லை, தண்ணீரும் எருவும் போதாததுதான் குறை என்பது அதன் சாரம். விறகு கிடைக்காமல்தான் சாணி அடுப்புக்குப் போகுது என்பதையும் அவர் கவனித்தார்.

அறிக்கை நூலகத்தில் பத்திரமாக இருக்கு. அவர் பாராட்டிய உழவர்களின் கணக்கு எங்கே? நம்ம வீட்டுப் பரண்ல, டிரங்குப் பெட்டியில செல்லரிச்சுக் கிடக்கு.

நான் இருக்கும் மணலி புதுநகரைச் சுற்றி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை எல்லாம் வந்துவிட்டன. இந்தப் பக்கம் முன்பு என்ன விளைஞ்சுதுன்னு மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய குடும்பங்களின் காகிதம்தான் சாட்சி.

எங்கள் பாட்டனார் வரவு செலவு நோட்டில் ‘உரம்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் கோடையில் ‘வண்டிக்கூலி’ இருக்கு. அது ஏரி வண்டல் அடிச்ச கூலி. ‘ஆட்டுக்காரருக்கு நெல்’ என்றால் கிடை போட்டதுக்குக் கொடுத்தது. நடவுக்கு முன்னால் ‘தழைக்கட்டு’ என்று வந்தால் பசுந்தழை மிதிச்சிருக்காங்க. கூலிக் கணக்குக்குள்ளேதான் எருக் கணக்கு ஒளிஞ்சிருக்கு.

அளவையும் கவனிக்கணும். எங்கள் பக்கம் ஒரு காணி என்பது 24 மனை, அதாவது 57,600 சதுர அடி, ஏக்கரைவிடப் பெரிசு. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். கலத்தை மூட்டைன்னு எடுத்துக்கிட்டா மகசூல் கணக்கே தப்பாயிடும். விவரம் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு, ஓரத்தில் குறிச்சு வையுங்க.

காகிதத்தை வெயிலில் காயவைக்காதீங்க, நிழலில் உலர்த்துங்க. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ரெண்டு பேரிடம் கொடுத்து வையுங்க. கூடவே, இந்தப் பட்டத்தில் என்ன விதை, எத்தனை வண்டி தொழுவுரம், என்ன விளைச்சல் என்று நீங்களும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. உங்க பேரப்பிள்ளை விவசாயத்துக்கு வந்தா, அவன் முதலில் தேடுறது அந்த நோட்டாத்தான் இருக்கும்.