கரும்பு வெட்டுக் காலமும் நம் பிள்ளைகளின் படிப்பும்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது, நம் சேரிப் பிள்ளைகள் பலரின் இடம் வகுப்பறையில் காலியாகிவிடுகிறது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பகுதிகளில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் சட்டி பானையோடு வண்டி ஏறுகின்றன. பிள்ளைகளும் கூடவே ஏறுகிறார்கள். பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வு நடக்கும் நாளில், நம் பிள்ளை சூளை ஓரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஊரிலேயே தங்கும் பிள்ளைகளுக்கும் படிப்பு தடைபடாமல் இல்லை. நடவுக்கு அம்மா போனால் அக்காள் வீட்டில் நிற்க வேண்டும். ஆடு மேய்க்க ஆளில்லை என்றால் தம்பி போக வேண்டும். “இன்னைக்கு ஒருநாள் தானே” என்கிறோம். அந்த ஒருநாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொடக்கப் பள்ளி ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் நடக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். வாரம் ஐந்து நாள் என்றால் 40 வாரம். வாரத்தில் இரண்டு நாள் தவறினால் ஆண்டுக்கு 80 நாள் போகிறது. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது 400 நாள் போயிருக்கும். அது முழுதாக இரண்டு ஆண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் தேர்ச்சியை நிறுத்துவதில்லை என்பதால் இந்த இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் புரியாமல் பிள்ளை விழிக்கும்போதுதான் தெரிகிறது. அப்போது, “அவனுக்குப் படிப்பு ஏறல” என்று பழியைப் பிள்ளைமேல் போடுகிறோம்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. 2002இல் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கடமைகளிலும் இது சேர்க்கப்பட்டது. தவறும் பெற்றோருக்குக் கல்வி உரிமைச் சட்டம் தண்டனை எதுவும் வைக்கவில்லை. ஆனால் நாம் தவறினால் தண்டனை பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறது.

“எங்க வறுமையை நாங்களா உண்டாக்கினோம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிலமில்லாமல் செய்ததும், கூலியைக் குறைத்ததும், கடனில் தள்ளியதும் சாதிதான். அதற்கான போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்தப் போராட்டம் முடியும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது.

அண்ணல் அம்பேத்கர் சாத்தாரா பள்ளியில் கோணியில் தனியே உட்கார வைக்கப்பட்டார். குழாயைத் தொட்டுத் தண்ணீர் குடிக்க முடியாது. அப்படிப்பட்ட பள்ளிக்கும் மகனை விடாமல் அனுப்பியவர் தந்தை ராம்ஜி. பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, இடமும் அமைதியும் கிடைக்கும் பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்க வைத்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது மணமான மகள்களிடம் கேட்டார். அவர்களது நகையையும் அடகு வைத்தார். ராம்ஜிக்கு ராணுவ ஓய்வூதியமாவது இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. ஆனாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பிடிவாதத்தை நாம் அவரிடம் கற்கலாம்.

வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்கள் சிலவற்றைச் செய்ய முடியும். தாத்தா, பாட்டி, சித்தி என்று யாராவது ஊரில் இருந்தால் பிள்ளையை அவர்களிடம் விட்டுப் போகலாம். இல்லையென்றால், ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆதிதிராவிடர் நல விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே தங்கவும் சாப்பிடவும் கட்டணமில்லை. கூட்டிப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆண்டின் நடுவில் போனாலும், மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம். மேஸ்திரியிடம் முன்பணம் பேசும்போதே, “பிள்ளை வேலைக்கு வராது, பள்ளிக்கூடத்துக்குப் போகும்” என்று சொல்லிவிட வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளையைச் சூளையில் வேலை வாங்குவது குற்றம்.

பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதால், அடிக்கும் முன் காரணம் கேட்போம். கழிப்பறையைக் கழுவச் சொன்னார்களா? சாதியைச் சொல்லித் திட்டினார்களா? சேரிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த செய்திகள் நம் மாநிலத்திலேயே வந்திருக்கின்றன. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. சாதி இழிவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1098க்கு அழைத்தும் புகார் சொல்லலாம். அவமானப்பட்டுப் பிள்ளையை நிறுத்தினால், நம் பிள்ளை வரக்கூடாது என்று நினைத்தவருக்குத்தான் அது வெற்றி.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நமக்கும் இடம் உண்டு. கூட்டம் நடக்கும் நாளில் கூலி போகிறதே என்று ஒதுங்கினால், அந்த நாற்காலியில் ஊர்க்காரர் உட்காருவார். தெருவுக்கு இரண்டு தாய்மார்களாவது போய் உட்காருங்கள். யார் வீட்டுப் பிள்ளை மூன்று நாளாக வரவில்லை என்று கேளுங்கள். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். கல்லூரியில் படிக்கும் நம் தம்பி தங்கைகளும் கூடப் போகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக விடுதி விண்ணப்பத்தை நிரப்பித் தருவது அவர்களுக்கு அரைமணி நேர வேலை.